ஊதா மூடி சொன்ன உண்மை!

உங்க கையில கடைசியா எப்போ ரத்தம் எடுத்தாங்க? ஹாஸ்டல் மெஸ் புண்ணியத்துல டைஃபாய்டு வந்தப்பவா? டெங்கு சீஸன்லயா? அப்போ நீங்க எங்கே பார்த்துக்கிட்டு இருந்தீங்க? சுவத்துல தொங்குற காலண்டரைத்தானே!

நானும் அப்படித்தான் பாஸ். போன மாசம் வரைக்கும் ஊசி உள்ளே போறதை நான் பார்த்ததே இல்லை. கண்ணை இறுக்க மூடி, பல்லைக் கடிச்சு, மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுவேன். ‘அவ்வளவுதான் தம்பி’னு குரல் கேட்டதும் கண்ணைத் திறந்து, ஏதோ போருக்குப் போய் வந்தவன் மாதிரி ஒரு சிரிப்பு!

நாம கண்ணை மூடிக்கிற அந்த அஞ்சு நிமிஷத்துல என்னவெல்லாம் நடக்கணும், என்னவெல்லாம் நடக்கவே கூடாதுன்னு தெரிஞ்ச ஒரே ஒரு ஆள் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க பக்கத்துல இருந்திருந்தா, எங்க அம்மாவோட வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்காது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

அப்போ நான் ஃபர்ஸ்ட் இயர் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங். செமஸ்டர் லீவுக்குத் திண்டுக்கல் பக்கத்துல இருக்கிற எங்க ஊருக்குப் போயிருந்தேன். அப்பா பஸ் டிரைவர். ராத்திரியானா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதுன்னு ஒரு வாரமாப் புலம்பிக்கிட்டு இருந்தார். டாக்டர்கிட்ட போனோம். அவர் சோடியம், பொட்டாசியம், கால்சியம், ரத்த அணுக்கள் எண்ணிக்கைன்னு நாலு டெஸ்ட் எழுதினார். காலையில ஒரு லேப்ல ரத்தம் கொடுத்தோம். சாயங்காலம் ரிப்போர்ட். பொட்டாசியம் 8.1!

சாதாரணமா ஒரு லிட்டர் சீரத்துல 3.5-லேர்ந்து 5 மில்லிமோல் வரைக்கும்தான் இருக்கணும். 8-ஐத் தாண்டினா இதயத் துடிப்பு தாறுமாறாகி, நின்னே போகலாம். டாக்டர் முகம் மாறிடுச்சு. ‘‘நிக்காதீங்க, உடனே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க’’ன்னார். வாடகைக் கார் பிடிச்சோம். அம்மா வழி முழுக்கக் கோட்டை மாரியம்மனை வேண்டிக்கிட்டே வந்தாங்க. அப்பா மட்டும், ‘‘எனக்கு ஒண்ணும் பண்ணலையேடா... கால்தானே வலிக்குது!’’ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தார்.

ஐ.சி.யூ.ல சேர்த்தாங்க. அட்வான்ஸ் பணத்தை மாமா கட்டினார். ஈ.சி.ஜி. எடுத்தா, கோடு அழகா, ஒழுங்கா ஓடுது. அங்கே இருந்த ட்யூட்டி டாக்டர் நெத்தியைச் சுருக்கினார். ‘‘எதுக்கும் இன்னொரு தடவை ரத்தம் எடுங்க’’ன்னார். எடுத்தாங்க. பொட்டாசியம் 4.3.

‘‘அந்த லேப்ல ஏதோ மிஸ்டேக். காலையில வீட்டுக்குப் போகலாம்.’’

அவ்வளவுதான். ஒரு ராத்திரி ஐ.சி.யூ., கார் வாடகை, மாமாவுக்குத் திருப்பிக் கொடுக்க அம்மாவோட ரெண்டு வளையல். ‘ஏதோ மிஸ்டேக்’னா என்ன மிஸ்டேக்? யாரும் சொல்லலை. அப்போதான் நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு செமஸ்டர் படிச்ச இன்ஜினீயராச்சே! ‘‘மெஷினைச் சரியா கேலிப்ரேட் பண்ணியிருக்க மாட்டாங்கப்பா. மெஷின் தப்பாக் காட்டியிருக்கு’’ன்னு சொந்தக்காரங்க முன்னாடி கெத்தா விளக்கம் கொடுத்தேன்.

அப்பா அதை அப்படியே பிடிச்சுக்கிட்டார். அவருக்கு பி.பி. உண்டு. மாத்திரை போடறவங்க அப்பப்போ கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தத்துல பார்க்கணும். ஆனா அன்னியிலேர்ந்து ரெண்டு வருஷமா ஒரு டெஸ்ட்டுக்கும் வரலை. யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்: ‘‘மெஷின் பொய் சொல்லும். எம் பையனே சொல்லியிருக்கான்!’’

இது எனக்குத் தேவையா பாஸ்?

போன மாசம் இன்ப்ளான்ட் ட்ரெயினிங். பதினஞ்சு நாள். மதுரையில ஒரு பெரிய லேப். நான் ஆசைப்பட்டுப் போனது உள்ளே ஏ.சி. ரூம்ல இருக்கிற பெரிய அனலைசர் மெஷினுக்காக. ஆனா இன்சார்ஜ் சார், ‘‘முதல் வாரம் கலெக்‌ஷன் ரூம்ல உட்காரு’’ன்னுட்டார். ரத்தம் எடுக்கிற ரூம். அங்கே பதினாலு வருஷமா ஊசி பிடிக்கிற அக்கா ஒருத்தங்க. டி.எம்.எல்.டி. படிச்சவங்க. நம்ம ஊர்ல சின்ன லேப்கள்ல ரத்தம் எடுக்கிறது, டெஸ்ட் பண்றது, ரிப்போர்ட் அடிக்கிறது எல்லாமே ஒரே லேப் டெக்னீஷியன்தான். பெரிய இடங்கள்ல ரத்தம் எடுக்கிறதுக்குன்னே தனி ஆள். அவங்களுக்குப் பேரு ஃப்ளெபாட்டமிஸ்ட். கிரேக்க மொழியில ‘ஃப்ளெப்ஸ்’னா ரத்தக்குழாய், ‘டோமி’ன்னா வெட்டறது. பேரைக் கேட்டே பாதிப் பேர் மயங்கிடுவாங்க!

நான் ஊசி பிடிக்கலை. அதுக்கு எனக்கு அனுமதியும் இல்லை. ஓரமா நின்னு பார்க்கறதும், கேட்கறதும், பார்கோடு ஸ்டிக்கர் எடுத்துக் கொடுக்கறதும்தான் வேலை. அந்த ஒரு வாரத்துல நான் தெரிஞ்சுக்கிட்டதை அப்படியே சொல்றேன். உங்கள்ல யாராவது லேப் டெக்னாலஜி படிக்கிறவங்க இருந்தா ‘இது கூடத் தெரியாதா?’ன்னு சிரிக்காதீங்க. மத்தவங்களுக்கு இது நம்ம கை, நம்ம ரத்தம்!

முதல் பாடத்துல ஊசியே கிடையாது. பேரு!

‘‘நீங்கதானே முருகேசன்?’’னு கேட்கவே கூடாதாம். ‘‘காது கேட்காத பெரியவர் எல்லாத்துக்கும் தலையாட்டுவார் தம்பி. ‘உங்க பேரு என்ன?’ன்னு கேளு. அவர் வாயால வரணும். அப்புறம் பிறந்த தேதியோ, பதிவு நம்பரோ இன்னொண்ணும் ஒத்துப்போகணும்’’னாங்க அக்கா. ட்யூப்புக்கு முன்கூட்டியே பேர் ஒட்டி அடுக்கி வைக்கறதும் தப்பு, பத்துப் பேருக்கு எடுத்துட்டு வந்து மேஜையில உட்கார்ந்து மொத்தமா ஒட்டறதும் தப்பு. ரத்தம் எடுத்த கையோட, அந்த ஆள் எழுந்து போறதுக்குள்ள அவர் கண் முன்னாடியே ஒட்டணும். ரெண்டு ஸ்டிக்கர் இடம் மாறினா, ஒருத்தரோட சர்க்கரை இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிடும்.

ரெண்டாவது, கையில கட்டற ரப்பர் பட்டை. ஊசி போடற இடத்துக்கு நாலு விரல் தள்ளி மேலே கட்டணும். ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டியே வைக்கக் கூடாது. வச்சா ரத்தத்துல இருக்கிற தண்ணி மட்டும் வெளியே கசிஞ்சு, மிச்சம் கெட்டியாகி, புரோட்டீன், கால்சியம் எல்லாம் உண்மையில இருக்கறதைவிட அதிகமாக் காட்டும். ‘‘கையை மூடி மூடித் திறங்க’’ன்னு சொல்வாங்களே, அதுவும் கூடாதாம். தசை வேலை செஞ்சா பொட்டாசியம் ஏறிடும். ‘பொட்டாசியம்’னு கேட்டதும் என் காது அப்பவே நிமிர்ந்துச்சு.

மூணாவது, இடம். நாம ‘நரம்பு கிடைக்கலை’ன்னு சொல்றோமே, அது நரம்பே இல்லை. சிரை. இதயத்துக்குத் திரும்பிப் போற ரத்தக்குழாய். முழங்கை மடிப்புல நடுவுல ஓடறதுதான் முதல் சாய்ஸ். அது பருமனா இருக்கும், சட்டுனு நகராது. உள்பக்கமா ஓடறதைத் தொடறது கடைசிபட்சம்தான். அதுக்குப் பக்கத்துலயே தமனியும் நிஜமான நரம்பும் போகுது. குளுக்கோஸ் ஏறிக்கிட்டு இருக்கிற கையில எடுக்கக் கூடாது. எடுத்தா டிரிப்ஸையும் சேர்த்துத்தான் மெஷின் அளக்கும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைச்ச கையைத் தொடவே கூடாது.

அப்புறம் ஸ்பிரிட். 70 சதவீத ஆல்கஹால் தடவி அரை நிமிஷம் தானாக் காய விடணும். ‘‘அவசரப்பட்டு ஈரத்தோட குத்தினா எரியும். ஊதிக் காய வச்சா உன் வாயில இருக்கிற கிருமி பூரா அங்கே போயிடும்.’’ துடைச்ச இடத்தைத் திரும்ப விரலால தடவிப் பார்க்கறதும் நோ. ஊசியோட சரிவான வாய் மேல் பக்கமா இருக்கணும். 30 டிகிரிக்கு மேல சாயக் கூடாது. நமக்குத் தெரிஞ்ச ஜியாமெட்ரிதான், ஆனா இங்கே பேப்பருக்குப் பதிலா மனுஷத் தோல்.

நாலாவது பாடம்தான் எனக்குப் பிடிச்சது. கலர் கலரா மூடி போட்ட ட்யூப்கள்!

அந்த ட்யூப்புக்குள்ள வெற்றிடம் இருக்கு. ஊசி சிரையில இருக்கும்போது ட்யூப்பை மாட்டினா, ரத்தம் தானா உள்ளே இழுத்துக்கும். தேவையான அளவு வந்ததும் தானா நின்னுடும். ஜோசஃப் க்ளைனர்ங்கறவர் 1949-ல் அமெரிக்காவுல இதுக்குப் பேடன்ட் வாங்கினார். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, வெறும் காத்தழுத்த வித்தியாசம். எனக்குக் கைதட்டணும் போல இருந்துச்சு.

மூடியோட நிறம் அழகுக்கு இல்லை. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு மருந்து. இளநீல மூடியில சிட்ரேட். ரத்தம் உறையற நேரம் பார்க்க. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட்னு கணக்கு, அதனால கோடு வரைக்கும் கரெக்டா நிரம்பணும். சிவப்பு மூடியில ரத்தம் உறையணும். உறைஞ்சு பிரியற சீரத்துலதான் உப்பு, கொழுப்பு, கிட்னி டெஸ்ட் எல்லாம். பச்சையில ஹெப்பாரின். ஊதாவுல ஈ.டி.டி.ஏ. அணுக்களை எண்ண. சாம்பல் மூடியில ஃப்ளோரைடு. சர்க்கரைக்கு. ட்யூப்புக்குள்ள போனாலும் ரத்த அணுக்கள் உயிரோடதான் இருக்கும். பசிச்சு சர்க்கரையைச் சாப்பிட்டுக்கிட்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 5-லேர்ந்து 7 சதவீதம் வரைக்கும் காணாமப் போயிடும். அதைத் தடுக்கத்தான் ஃப்ளோரைடு.

நான் இப்போ சொன்னேனே, இளநீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல்... ரத்தம் எடுக்கற வரிசையும் இதேதான்! மாத்தக் கூடாது. ஒரு ட்யூப்ல இருக்கிற மருந்து ஊசி நுனியில ஒட்டி அடுத்த ட்யூப்புக்குள்ள போயிடக் கூடாதுன்னுதான் இந்த வரிசை.

ஊதா ட்யூப்பை எடுத்த உடனே மெதுவாக் கவிழ்த்து நிமிர்த்தணும், 8-லேர்ந்து 10 தடவை. நான் ஆர்வக்கோளாறுல வேகமா ஆட்டினேன். ‘‘இது என்ன பன்னீர் சோடாவா, குலுக்கறதுக்கு?’’ன்னு ஒரு அதட்டல். கூட்டமான டவுன் பஸ்ல பைக்குள்ள தக்காளி வச்சா என்ன ஆகும்? அதுதான் சிவப்பணுவுக்கும் ஆகும். குலுக்கினா உடையும். மெல்லிசான ஊசி வழியா வேகமா உறிஞ்சினா உடையும். சிரிஞ்சுல இருந்து அழுத்திப் பீய்ச்சினாலும் உடையும். சிவப்பணுவுக்கு உள்ளே பொட்டாசியம் வெளியில இருக்கறதைப்போல இருபது மடங்குக்கு மேல. உடைஞ்சா அத்தனையும் வெளியே! ரத்தத்தைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜுல வச்சாலும் பொட்டாசியம் கசியுமாம். சில சாம்பிளுக்கு ஐஸ் வேணும், பொட்டாசியத்துக்கு ஐஸ் ஆகாது. மஞ்சள் காமாலை டெஸ்ட்டுக்கான பிலிருபின் சாம்பிள் மேல வெயில் படக் கூடாது. எதை எப்படி வைக்கணும்னு தெரியறதும் ஊசி பிடிக்கிற அளவுக்கு முக்கியமான வேலைதான்.

இனிமேதான் விஷயமே.

அஞ்சாவது நாள். அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன். அம்மா மடியில உட்கார்ந்து ஒரே அழுகை. அக்கா பேச்சுக் கொடுத்துக்கிட்டே ஊசியைப் போட்டாங்க. முதல்ல சிவப்பு ட்யூப். அதுல வெற்றிடம் போயிருந்துச்சு போல, ரத்தம் அடியில நாலு சொட்டுதான். அடுத்து மாட்டின ஊதா ட்யூப் கோடு வரைக்கும் நிரம்பிடுச்சு. திரும்ப ஒரு புது சிவப்பு ட்யூப் மாட்டறதுக்குள்ள பையன் கையை உதறிட்டான். ஊசி வெளியே!

பையன் வீறிட்டு அழறான். அவங்க அம்மா கண்ணுலயும் தண்ணி. அக்கா பஞ்சை வச்சு அழுத்திக்கிட்டு இருக்காங்க. எனக்குள்ள இருந்த நல்லவன் முழிச்சுக்கிட்டான். ஊதா ட்யூப்பைக் கையில எடுத்து மூடி மேல கட்டை விரலை வச்சுட்டேன். கண் மூடித் திறக்கறதுக்குள்ள அக்காவோட இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடிச்சிடுச்சு.

‘‘என்ன பண்ணப் போறே?’’

‘‘இதுல நிறைய இருக்குக்கா. கொஞ்சம் சிவப்புல ஊத்திக்கலாமே... பாவம், குட்டிப் பையன். திரும்பக் குத்தணுமே. ரெண்டும் அவன் ரத்தம்தானே?’’

அக்கா திட்டலை. பையனைச் சமாதானப்படுத்தி, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு கையில எடுத்து முடிச்சு, அனுப்பிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாங்க.

‘‘ரத்தம் உறையணும்னா கால்சியம் வேணும் தம்பி. ஈ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைத்தான் பிடிச்சுக் கட்டிப்போடுது. அதனாலதான் ஊதா ட்யூப்ல ரத்தம் உறையாது. அந்த ஈ.டி.டி.ஏ. என்ன உப்பாப் போட்டு வச்சிருக்காங்க தெரியுமா? பொட்டாசியம் உப்பு! அதைக் கொஞ்சம் சிவப்புல ஊத்தினே வச்சுக்கோ, பொட்டாசியம் எகிறும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவங்க அம்மா எங்கே ஓடுவாங்கன்னு யோசிச்சியா?’’

நான் யோசிக்கவே வேண்டாம் பாஸ். எங்கே ஓடுவாங்கன்னு எனக்குத் தெரியும். வாடகைக் கார். கோட்டை மாரியம்மன். ஐ.சி.யூ. வளையல்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். ரேஷன் கார்டு வச்சிருக்கிற மஞ்சப் பையில பழைய ரிப்போர்ட் இருந்துச்சு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். பொட்டாசியம் 8.1. அதுக்கு ரெண்டு வரி கீழே, அன்னிக்கு நாங்க யாருமே பார்க்காத ஒரு வரி. கால்சியம் 4.2. இருக்க வேண்டியது சுமாரா 8.5-லேர்ந்து 10.5!

அக்கா பத்து செகண்டு பார்த்தாங்க. ‘‘நான் கூட நின்னு பார்க்கலை, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பொட்டாசியம் இவ்வளவு மேலே, கால்சியம் இவ்வளவு கீழே, ஆள் நடந்து வந்து பேசறார், ஈ.சி.ஜி. நல்லா இருக்குன்னா, எங்களுக்கு முதல் சந்தேகம் ஊதா மூடிதான்’’னாங்க.

ரெண்டு வருஷமா நான் மெஷின் மேல போட்ட பழி! அன்னிக்கு மத்தியானமே உள்ளே போய் அனலைசர் இன்ஜினீயர்கிட்ட கேட்டேன். அணு உடைஞ்சிருந்தா சீரம் சிவப்பா இருக்கும். இப்போ வர்ற பெரிய மெஷின்கள் அந்த நிறத்தை அளந்து எச்சரிக்கும். ஆனா ஈ.டி.டி.ஏ.வுக்கு நிறமே இல்லை. கலந்த சீரமும் பார்க்கறதுக்குத் தங்க நிறத்துல சுத்தமாத்தான் இருக்கும். மெஷினுக்குத் தெரிஞ்சது அதுக்குள்ள வந்த சொட்டு மட்டும்தான். அதுக்கு முன்னாடி அந்த ட்யூப்புக்கு என்ன நடந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? சட்டியில இருக்கிறதுதானே அகப்பையில வரும்!

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து தேடினேன். இத்தாலியில படுவா நகரத்து ஆஸ்பத்திரி லேப் ஒண்ணுல ப்ளெபானி, கர்ராரோன்னு ரெண்டு பேர், லேப் தப்புகள் எந்த இடத்துல நடக்குதுன்னு கணக்கெடுத்து 1997-ல் வெளியிட்டிருக்காங்க. 189 தப்புகள்ல 68.2 சதவீதம், சாம்பிள் மெஷினைத் தொடறதுக்கு முன்னாடியே நடந்தவை! 2007-ல் திரும்பக் கணக்கெடுத்தப்பவும் 61.9 சதவீதம். நாம காலேஜ்ல வருஷக்கணக்கா மெஷினைப் பத்திப் படிக்கிறோம். தப்பு அதிகமா நடக்கிறது அதுக்கு வெளியே, ஒரு மனுஷர் கையில.

அந்த மனுஷரையும் கொஞ்சம் பார்க்கணும். அக்கா ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பு. குத்தின ஊசிக்குத் திரும்ப மூடி போட யாரையும் விட மாட்டாங்க. காரணம் கேட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அவசரத்துல அப்படி மூடும்போது அவங்க விரல்லயே குத்திக்கிச்சாம். அப்படிக் குத்தினா, அந்த ரத்தத்துல ஹெச்.ஐ.வி. இருந்தா தொத்தற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைட்டிஸ் பி இருந்து, தடுப்பூசியும் போடாதவங்களா இருந்தா 6-லேர்ந்து 30 சதவீதம்! அழுத்திப் பிழியக் கூடாது, சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். அக்காவுக்கு ஒண்ணும் ஆகலை. ‘‘ஆனா கடைசி ரிசல்ட் வர்ற வரைக்கும் எம் பொண்ணுக்குத் தலை வாரிவிடக்கூட பயந்தேன் தம்பி’’ன்னாங்க. அந்த ஊசிகள் போறதுக்குன்னே வெள்ளை நிறத்துல, குத்தினாலும் ஓட்டை விழாத டப்பா இருக்கணும்னு 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்லுது. ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை. அடுத்த தடவை லேப்ல உட்காரும்போது காலண்டருக்குப் பதிலா அதைப் பாருங்க.

அப்படியே இதையும் பண்ணுங்க. பேரை நீங்களே சத்தமாச் சொல்லுங்க. ஊசிக் கவரை உங்க முன்னாடி பிரிக்கறாங்களான்னு கவனிங்க. ட்யூப்ல உங்க பேரை ஒட்டின பிறகு எழுந்திரிங்க. சாப்பிட்டீங்களா, என்ன மாத்திரை போட்டீங்கன்னு மறைக்காதீங்க. தண்ணி குடிக்கலாம், ஆனா காபி ‘தண்ணி’ கணக்குல வராது! ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வர்ற கேஸா? வெட்கப்படாம முன்னாடியே சொல்லுங்க, படுக்க வச்சு எடுப்பாங்க. முடிஞ்சதும் கையை மடக்காம நேரா நீட்டிப் பஞ்சை அழுத்துங்க, இல்லேன்னா நீலம் கட்டிக்கும். முக்கியமா, ரிப்போர்ட்ல பயமுறுத்துற நம்பர் வந்தா ‘லேப் தப்பு’ன்னு நீங்களே முடிவு கட்டிடாதீங்க. டாக்டர்கிட்ட ஓடத்தான் வேணும். ஓடினதுக்கு அப்புறம், ‘‘இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா சார்?’’னு கேளுங்க.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா முன்னாடி ரிப்போர்ட்டை விரிச்சு ரெண்டு வரியையும் காட்டினேன். அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன். கடைசியா, ‘‘நான் அன்னிக்குத் தெரியாம உளறிட்டேன்ப்பா’’ன்னும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ‘‘டீசல்ல மண்ணெண்ணெயைக் கலந்து ஊத்திட்டு இன்ஜினைத் திட்டின கதையா இருக்கே?’’ன்னார்.

அதேதான்ப்பா!

‘‘அந்தப் பொண்ணு வேணும்னே பண்ணியிருக்குமா?’’னு கேட்டார். அப்போதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு அப்பா கையில சிரை கிடைக்காம ரெண்டு தடவை குத்தினாங்க. மூணாவது தடவை குத்த அந்தப் பொண்ணுக்கு மனசு வந்திருக்காது. என்னைப் போலவே ‘பாவம்’னு நினைச்சிருக்கலாம். அந்த இரக்கம்தான் எங்களை ஐ.சி.யூ. வரைக்கும் கொண்டுபோச்சு. அந்தக் குட்டிப் பையனை இன்னொரு தடவை குத்தின அக்காதான் நிஜமாவே இரக்கப்பட்டவங்க.

திங்கட்கிழமை காலையில வெறும் வயித்தோட அப்பாவை லேப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வருஷம் கழிச்சு! பொட்டாசியம் 4.5, கால்சியம் நார்மல். கிட்னியைக் காட்டுற க்ரியாட்டினின் மட்டும் கொஞ்சம் கூட. டாக்டர் நாள் தள்ளித் திரும்ப ஒரு தடவை எடுத்துப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டு, பி.பி. மாத்திரையை மாத்திக் கொடுத்தார். ‘‘இப்பவாவது வந்தீங்களே. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா கஷ்டம்’’னார். நான் கீழே குனிஞ்சுக்கிட்டேன். அந்த ரெண்டு வருஷத்துல எனக்கும் பங்கு இருக்கே!

ஊசி போடறதுக்கு முன்னாடி அங்கே இருந்தவர் கேட்டார், ‘‘ஐயா, உங்க பேரு?’’

அப்பா பஸ்ல ‘உள்ளே போ, உள்ளே போ’ன்னு கத்துற அதே குரல்ல பேரையும் பிறந்த தேதியையும் சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘‘எந்த மூடிடா முதல்ல வரணும்?’’னு கேட்டார்.

நான் காலண்டரைப் பார்க்கலை. ‘‘சிவப்புப்பா. ஊதா அப்புறம்தான்!’’